நாற்பத்தெட்டுப் பட்டைகள் ஆறும் வரை

ஒரு மணி நேரம் தொடக் கூடாது, அதுதான் விதி. ஹியூமிடிட்டி சேம்பருக்குள் எண்பத்தைந்து டிகிரிச் சூட்டிலும் அதே அளவு ஈரத்திலும் நாற்பத்திரண்டு நாள் வெந்து வெளியே வந்த நாற்பத்தெட்டுப் பட்டைகளும் அறைச் சூட்டுக்கு ஆறினால்தான் இழுவை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்க்கலாம். லேபைப் பார்த்துக்கொள்ளும் கோகிலவாணி பதினொன்று ஐந்துக்கு எடுத்து மேசையில் பரப்பினாள். இப்போது பதினொன்று ஏழு. இந்த இரண்டு நிமிடத்துக்குள் நாற்காலியை மூன்று முறை இடம் மாற்றிப் போட்டாயிற்று, ஏசியை ஒரு புள்ளி கூட்டி ஒரு புள்ளி குறைத்தாயிற்று. பட்டைகள் பாட்டுக்குக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், கீழே அலுமினியம், மேலே கறுப்பு பாலிப்ரொப்பிலீன், நடுவில் ஒரு தலைமுடி கனத்துக்குப் பசை. பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். போன தடவையும் இப்படித்தான் இருந்தன, அதற்கு முந்தின தடவையும் இப்படித்தான், இன்ஸ்பெக்ஷன் நாளில் கைகட்டி உட்காரும் வகுப்பு மாதிரி அத்தனை ஒழுக்கமாக இருந்துவிட்டு, மெஷினில் மாட்டியதும் நாலே நாலு மட்டும் பலாச்சுளை மாதிரி உரிந்து வந்தன. மீதி நாற்பத்துநாலை இழுத்தால் பிளாஸ்டிக்கே அறுந்தது, ஒட்டு விடவில்லை. எல்லாமே உரிந்திருந்தால் முறையே தப்பு என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போயிருக்கலாம். நாலு. ஏன் நாலு, ஏன் அந்த நாலு, மற்றதுக்கெல்லாம் இல்லாத என்ன கேடு அந்த நாலுக்கு மட்டும் வந்தது. எட்டு மாதமாக அவளுக்குப் பல் தேய்க்கும்போதும் நாலு, தோசை வார்க்கும்போதும் நாலு. எனக்கு ஆவரேஜ் வேண்டாம் மேடம், எனக்கு அந்த நாலு வேணும். இது சாரங்கன், ஸ்கூட்டர் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு ஆள், சென்னையிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கி இப்போது முதலாளி அறையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பேசுவது மூக்கின் இடது பக்கத்திலிருந்து வரும், ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் கண்ணாடியை ஒரு தள்ளு தள்ளுவார், முற்றுப்புள்ளி வைக்கிற மாதிரி. அவளால் அவரை அப்படியே செய்துகாட்ட முடியும். யாரைப் பார்த்தாலும் அரை மணியில் அவர்களுடைய குரல் வந்து அவள் தொண்டையில் குடியேறிவிடும், பள்ளிக்கூடத்தில் அதற்காகவே எத்தனையோ தடவை வெளியே நின்றிருக்கிறாள். இப்போது அந்தக் குரல்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவளைக் கேள்வி கேட்கின்றன, வெளியே நிற்க வைக்க ஆளில்லை.

ஏனுங்க கோகிலா, ஒட்டுமா ஒட்டாதா, அத மட்டும் ஒரு வார்த்தை சொல்லிப் போடுங்க. இது நாச்சிமுத்து, முதலாளி. குறிச்சித் தொழிற்பேட்டையில் இந்த யூனிட்டை ஆரம்பித்த நாளிலிருந்து அவருக்கு உலகத்தில் இரண்டே வகைச் சாமான்தான், ஒட்டுகிறது, ஒட்டாதது. பாலிப்ரொப்பிலீன் எதோடும் ஒட்டாத ஜன்மம் என்று அவள்தான் அவருக்கு விளக்கினாள். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சேப்பங்கிழங்கு இலையில் விட்ட மாதிரி உருண்டு நிற்கும், தண்ணீரே உட்கார மறுக்கிற இடத்தில் பசை எப்படி உட்காரும். அதையே பிளாஸ்மா மெஷினுக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி, கொஞ்சம் ஆக்சிஜன் விட்டு மின்சாரம் கொடுத்தால் உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வெளிச்சம் வரும், இரண்டு நிமிடம். வெளியே எடுத்துச் சொட்டு விட்டால் தண்ணீர் அப்படியே படுத்துப் பரவும். மேல்தோல் மட்டும் மாறியிருக்கும், அதுவும் ஒரு மிளகாய்த் தோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்குக்கூட இல்லை. அந்தத் தோல் அப்போது பசியோடு இருக்கும், எது வந்தாலும் பிடித்துக்கொள்ளும். பசை வந்தால் பசை, தூசி வந்தால் தூசி. அதனால் ஒரு மணி நேரத்துக்குள் பசை போட்டு அலுமினியத்தில் அழுத்திவிட வேண்டும். முதன்முதலில் அந்தச் சொட்டு படுத்ததைப் பார்த்ததும் நாச்சிமுத்து சிரித்துவிட்டார், அட, மந்திரம் போட்ட மாதிரியல்லங்க இருக்குது. மந்திரம் இல்லைங்க சார் என்று இவள் பாடம் எடுத்தாள். எடுத்திருக்க வேண்டாம். மந்திரம் என்று விட்டிருந்தால் இன்றைக்கு மந்திரம் பலிக்கவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஸ்கூட்டர் பேட்டரிக்குள் உட்காரும் சென்சார் பெட்டிக்கு அலுமினிய அடி, பிளாஸ்டிக் மூடி, அந்த மூடி மழையிலும் வெயிலிலும் எட்டு வருடம் விடாமல் பிடிக்க வேண்டும், பிடிக்கும் என்று இந்தப் பட்டைகள் சொல்ல வேண்டும். முதல் தடவை நாலு உரிந்தது, இரண்டாம் தடவை நாலு உரிந்தது, இது மூன்றாவது. இதிலும் காரணம் தெரியாமல் உரிந்தால் வேலை புனேக்காரனுக்குப் போகிறது, வாடகைக்கு எடுத்த பிளாஸ்மா மெஷின் லாரி ஏறுகிறது, இதற்கென்று எடுத்த ஒன்பது பெண்களும் வீட்டுக்குப் போகிறார்கள். அவளும்தான். இந்த வாட்டியும் உரிஞ்சுதுன்னா நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன் சார், என்று இரண்டாம் தடவை முடிந்த அன்றைக்குச் சொன்னாள். அது மட்டும் அவளுடைய சொந்தக் குரலில் வந்து தொலைந்தது.

பதினொன்று பதினாறு. ஆறுகிற சாமானைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது ஆறுவதே இல்லை. எதைத்தான் மாற்றாமல் விட்டாள். மின்விசிறி தூசி கிளப்புகிறது என்று மின்விசிறியை நிறுத்தினாள், பெண்கள் வேர்த்தார்கள், வேர்வை விழுகிறது என்று ஏசி கேட்டு வாங்கினாள். ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றினாள், பசை டப்பா மாற்றினாள். கரண்ட் ஏறி இறங்குகிறது என்று ஸ்டெபிலைசர் வைத்தாள். புறா, ஆமாம் புறா, ஷெட்டின் முகட்டில் புறா அடைகிறது என்று வலை கட்டச் சொல்லி, வலை கட்ட வந்தவன் கிரீஸ் கையோடு கதவைப் பிடித்தான் என்று கதவைத் துடைத்தாள். மெஷினை வாடகைக்குக் கொடுத்த கம்பெனியின் ஆள் பெங்களூரிலிருந்து போனில் சொன்னான், மேடம் மெஷின் பொய் சொல்லாது மேடம், மெஷினுக்கு என்ன மேடம் கஷ்டம். அவன் ஒரு மூச்சில் மூன்று மேடம் போடுவான், அப்போது அவளுக்கு அந்த மேடங்களை எண்ணத்தான் தோன்றியது. மெஷின் பொய் சொல்லாது, அப்படியானால் மனுஷர்கள். அங்கேதான் வந்து நின்றாள், அங்கே வந்து நின்றபோது எதிரே இருந்தது மயிலாத்தா. மெஷினிலிருந்து டிரேயை எடுத்துப் பசைக்குக் கொடுக்கிறவள் மயிலாத்தாதான், ஐம்பது வயது, கை மட்டும் இருபது வயது வேகத்தில் போகும். தலைக்கு எண்ணெய் வைப்பவள், கழுத்தில் மஞ்சள் மின்னும். இரண்டாம் தடவை உரிந்த அன்றைக்கு எட்டுப் பெண்கள் பார்க்க கோகிலவாணி அவள் கிளவுஸைக் கழற்றச் சொன்னாள், கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. சோப்பு வாசனை வந்ததும் இன்னும் எரிச்சல் வந்தது, எரிச்சலில் எண்ணெய் இல்லாமல் எங்கே போகும் என்று சொன்னாள். கழுவிக் கழுவி ரேகையே அழிஞ்சு போச்சு அம்மணி, என்றாள் மயிலாத்தா, சண்டைக்காரக் குரலில் இல்லை, ஏதோ மழை வரவில்லை என்பது போல. மறுநாள் அவள் பேக்கிங்குக்குப் போனாள். இந்த மூன்றாம் தடவை கோகிலவாணி யாரையும் நம்பவில்லை. அத்தனையும் தானே செய்தாள், நாலு டிரே, டிரேக்குப் பன்னிரண்டு, ஒன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை வெளியே வந்த வரிசைப்படி அலுமினியத்தில் நம்பர் கீறினாள். முன்பெல்லாம் கைக்கு வந்த தகட்டில் ஒட்டுவார்கள், எது முதலில் வந்தது எது கடைசியில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. இப்போது தெரியும். தெரிந்து என்ன, தன் கையால் செய்ததே உரிந்தால் அப்புறம் யார் கையை மோந்து பார்ப்பது.

 அந்த நினைப்பை மறக்க ஏதாவது வேலை வேண்டும். ரிப்போர்ட்டோடு வைப்பதற்கு வீடியோவை வெட்டிக் கொடுக்க வேண்டுமே, சாரங்கன் கேட்டிருந்தார், முழுப் புராசஸும் கண்ணால பாக்கணும் மேடம். போனை ஸ்டாண்டில் வைத்து அன்றைக்கு எடுத்த வீடியோ, ஐம்பது நிமிடம், எடுத்தபின் அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஓட விட்டாள். தன் கையைத் தானே பார்ப்பது ஒரு மாதிரி இருந்தது, வேறு யாரோ கடன் வாங்கிப் போட்டுக்கொண்ட கை மாதிரி. மெஷின் கதவு திறக்கிறது, முதல் டிரே வருகிறது, நீல கிளவுஸ் போட்ட கை முதல் பட்டையை எடுக்கிறது, எடுத்து, வலது கண், இடது கண், பிறகு பசைக்கு. இரண்டாவது பட்டை நேராகப் பசைக்கு. மூன்றாவது நேராக. அவள் இதைப் பார்த்துக்கொண்டே மயிலாத்தாவின் கையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள், நினைப்பு எங்கோ இடறியது, எதில் இடறியது என்று தெரியாமல் பின்னால் தள்ளிப் பார்த்தாள். கதவு, டிரே, கை, பட்டை, வலது கண், இடது கண். மறுபடியும் தள்ளினாள். பிளாஸ்மா பட்ட பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது, பசியோடு இருக்கிற அந்தப் பக்கம், அதை இமையில் வைத்து ஒற்றி எடுக்கிறாள், கோவில் பூவை ஒற்றுவது போல, முதல் போணிப் பணத்தைக் கடைக்காரர் ஒற்றுவது போல, அவ்வளவு இயல்பாக, கண்கூட மூடித் திறக்கிறது. இது எப்போது நடந்தது. அவளுக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. அன்றைக்கு ஒவ்வொரு அசைவையும் ஒரு தாளில் எழுதி டிக் போட்டுக்கொண்டேதான் செய்தாள், எண்பத்தோரு டிக், அதில் இது இல்லை. வேகமாக முன்னால் தள்ளினாள், இரண்டாவது டிரே, பதின்மூன்றாவது பட்டை, வலது கண், இடது கண். மூன்றாவது டிரே திறந்தபோது கண்ணாடியைத் தட்டுகிற சத்தம். நாச்சிமுத்து வெளியே நின்று கை ஆட்டுகிறார், ஞாயித்துக்கெழம கெடாவெட்டு, குடும்பத்தோட வந்துருங்க. அவள் திரும்பி ஏதோ பதில் சொல்லிக்கொண்டே இருபத்தைந்தாவது பட்டையை எடுத்து நேராகப் பசைக்குக் கொடுக்கிறாள். அந்தத் தடவை கண்ணுக்குப் போகவில்லை. வேலை நேரத்தில் விருந்து சொல்ல வந்தாரே என்று அன்றைக்கு மனதுக்குள் அவரை வறுத்தெடுத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாலாவது டிரே, முப்பத்தேழாவது பட்டை, வலது கண், இடது கண். முகத்தில் காலையில் பூசிய சன்ஸ்கிரீன், வெயிலுக்கும் வேர்வைக்கும் தண்ணீருக்கும் கலையாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். கலையாதுதான். பசையைப் பிடிக்கவும் விடாதுதான். பசை போட்ட அன்றைக்கு எல்லாம் பிடித்த மாதிரி இருக்கும், ஈரமும் சூடும் நாற்பது நாள் அந்த ஒரு ஒற்றலுக்கு அடியில் புகுந்து புகுந்து தூக்கிவிடும்.

மாதக்கணக்கில் அவள் மயிலாத்தாவுக்குப் பக்கத்தில் நின்று தாளும் பேனாவுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரேக்கு ஒன்று, நாலு டிரேக்கு நாலு. ஒரு தடவைகூட இது கண்ணில் படவில்லை. எப்படிப் படும், பக்கத்தில் இருக்கிறவர்கள் மூச்சு விடுவதை யார் எழுதி வைக்கிறார்கள். தும்மினால் எழுதியிருப்பாள், இருமினால் எழுதியிருப்பாள். இதற்கு ஒரு பெயர்கூட இல்லை, ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது. ஆபரேட்டரின் மேல் இமை பட்டையின் மேற்பரப்போடு தொடர்புக்கு வந்ததால். மூலக் காரணம், மரியாதை. தடுப்பு நடவடிக்கை, மரியாதை குறைத்தல். சாரங்கன் கண்ணாடியைத் தள்ளுவார், மேடம், இது எந்த கேட்டகரில வரும். சிரிப்பு வந்தது, சிரிப்புக்குப் பின்னாலேயே அழுகை மாதிரி ஒன்று வந்தது, அது வேறு. இன்னொன்றும் வந்தது, ஒரு யோசனை. வெறும் மூன்று பட்டை. ஒன்று, பதின்மூன்று, முப்பத்தேழு. மேசையிலிருந்து எடுத்து டிராயரில் போட்டு, சேம்பரில் வைக்கும்போது வளைந்துவிட்டது என்று சொன்னால் மீதி நாற்பத்தைந்தும் நிற்கும், கையெழுத்து ஆகும், ஒன்பது பேரும் இருப்பார்கள், அவளும் இருப்பாள், வீடியோவும் போனிலிருந்து போய்விடும். நாளையிலிருந்து பெண்களிடம் சும்மா, முகத்தருகே கொண்டுபோகாதீர்கள் என்று சொன்னால் போதாதா. கேட்பார்கள். ஒரு வாரம் கேட்பார்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை புது ஷிப்ட்டில் ஒரு கை முதல் மூடியை எடுத்து, தானாக, யாருக்கும் தெரியாமல், அந்தக் கைக்கே தெரியாமல். ஏன் என்று காகிதத்தில் இல்லாததை எந்தக் கை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் உக்கடம் பாலத்தடியில் முழங்கால் தண்ணீரில் ஒரு ஸ்கூட்டர் நின்றுபோகும், அல்லது நிற்காமல் புகையும். அவள் டிராயர் வரைக்கும் கையைக் கொண்டுபோயிருந்தாள். அந்தக் கையையும் வேறு யாரோ போட்டிருந்த மாதிரி இருந்தது. எடுத்துக்கொண்டாள். பதினொன்று நாற்பத்திரண்டு.

பேக்கிங் பகுதியில் மயிலாத்தா அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். கோகிலவாணி வந்ததைப் பார்த்ததும் மற்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள், அவர்கள் நிறுத்தியது அவளுக்கு எங்கேயோ குத்தியது. முதல் பட்டையை எடுத்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, பசைக்குக் கொடுப்பேன் என்றாள் மயிலாத்தா. அதற்கு முன்னால் என்றதற்கு, அதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்றாள், பொய் சொல்கிற முகம் இல்லை. வீடியோவைக் காட்டினாள். மயிலாத்தா டேப்பைக் கீழே வைத்துவிட்டு, போனை எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கி முழுசாகப் பார்த்தாள். நல்லாத்தான் பண்றீங்க, என்றாள். மறுபடி காட்டினாள். கொஞ்சம் மெதுவா எடுக்கறீங்க, பழகினா வேகம் வந்துரும், என்றாள் ஆறுதலாக. கோகிலவாணிக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மூன்றாம் தடவை அந்த இடத்தில் நிறுத்தி, பட்டை இமையில் இருக்கிற இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அட, அதா, என்றாள் மயிலாத்தா. அது எல்லாரும் பண்றதுதானுங்களே. சொல்லிவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள். முகத்தில் ஒன்று மெதுவாக வந்தது, வந்தது கோபமாக இருந்திருந்தால் கோகிலவாணி தாங்கியிருப்பாள்.

"அன்னைக்கு எங்கையத்தானுங்க மோந்து பாத்தீங்க," என்றாள்.

 கோகிலவாணி எல்லோருடைய குரலையும் வைத்திருந்தாள், அதில் எந்தக் குரலிலும் இதற்கு ஒரு வாக்கியம் இல்லை. வாங்கக்கா, கொஞ்சம் லேபுக்கு வாங்க, என்று மட்டும் சொல்ல முடிந்தது. மயிலாத்தா வரவில்லை, பெட்டியை மூடி டேப் ஒட்டினாள், கத்திரியால் வெட்டினாள், அடுத்த பெட்டியையும் ஒட்டினாள், பிறகு வந்தாள். பன்னிரண்டு ஐந்துக்கு நாச்சிமுத்துவும் சாரங்கனும் வந்தபோது அவள் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள், முதலாளி யாரைக் கேட்டு இங்கே வந்தாய் என்பது போல ஒரு பார்வை பார்த்தார், நான்தான் வரச் சொன்னேன் சார் என்றாள் கோகிலவாணி. சாரங்கன் ஏதாவது ஐந்தை எடுக்கலாமா என்று மேசைப் பக்கம் போனார். ஒரு நிமிஷம், என்றாள். 

"இழுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன் சார். ஒண்ணு, பதிமூணு, முப்பத்தேழு, இந்த மூணும் உரிஞ்சு வரும். நான்தான் கெடுத்தேன். மத்தது எதுவும் வராது. இருபத்தஞ்சும் வராது."

நாச்சிமுத்துவின் முகம் போன போக்கைப் பார்க்காமல் வீடியோவைச் சாரங்கனிடம் கொடுத்தாள். அவர் பார்த்தார். எதுக்கு இப்படி என்று கேட்டார், முதல் பீஸ் சார் என்றாள், அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. நாச்சிமுத்து, முதல் பீஸ்ங்க என்று அவருக்கு இன்னும் தெளிவாக விளக்குகிற மாதிரி அதையே சொன்னார். சாரங்கன் கண்ணாடியைத் தள்ளவில்லை, கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு ஒன்றாம் நம்பரை மாட்டச் சொன்னார். மெஷின் முனகிக்கொண்டு இழுத்தது, முள் இருபதுக்கு மேல் ஏறவே இல்லை, பிளாஸ்டிக் நோகாமல் கழன்று வந்தது, அடியில் பசை பளபளவென்று கண்ணாடி மாதிரி கிடந்தது. பதின்மூன்று, அப்படியே. முப்பத்தேழு, அப்படியே. மூன்றும் உரிந்து கிடந்த மேசையைப் பார்த்து நாச்சிமுத்து ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். தப்பு என்று சொன்ன இடத்தில் தப்பு இருந்தது, அது மட்டும் போதாது. தற்செயல் என்றால் தற்செயல்தான், எட்டு மாதத்தில் அவள் எத்தனை தற்செயல்களைக் காரணம் என்று கட்டிப்பிடித்திருக்கிறாள், புறா வரைக்கும். சாரங்கன் அவளைக் கேட்காமலே குனிந்து இருபத்தைந்தை எடுத்தார், தானே மாட்டினார், தானே பட்டனை அழுத்தினார். முள் இருபதைத் தாண்டியது. நாற்பது. அறுபதில் ஒரு விநாடி தயங்கியது, அந்த ஒரு விநாடியில் கோகிலவாணிக்கு அன்றைக்குக் கண்ணாடிக்கு வெளியே நின்ற நாச்சிமுத்துவின் ஆடுகிற கையும், தான் திரும்பிய திருப்பமும், வேறு எப்போதாவது கன்னத்தைச் சொறிந்திருப்பேனோ, மூக்கைத் தொட்டிருப்பேனோ, வீடியோவுக்கு வெளியே இன்னும் என்னென்ன செய்தேனோ என்பதும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. தொண்ணூறு. கறுப்புப் பிளாஸ்டிக் நடுவில் வெளுத்தது, ரப்பர் மாதிரி நீண்டது, நூற்றுப் பத்தில் பட்டென்று அறுந்து பாதி அவர் கையில் வந்தது. மறுபாதி அலுமினியத்தோடேயே இருந்தது. சாரங்கன் நகத்தால் அதன் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார், நகம்தான் மடங்கியது.

அவர் நோட்டைத் திறந்தார். நாச்சிமுத்து, அப்ப ஒட்டுதுங்களா, என்று மெதுவாகக் கேட்டார். கோகிலவாணி கதவுப் பக்கம் திரும்பினாள். முதலாளியும் வந்தவரும் கேட்கட்டும் என்றுதான் குரலைத் தணிக்கவில்லை.

"அன்னைக்கு அத்தனை பேர் முன்னால உங்க கையை மோந்து பாத்தது தப்புக்கா."

மயிலாத்தா கட்டிய கையை அவிழ்க்கவில்லை. மேசையில் வரிசையாகக் கிடந்த பட்டைகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தாள்.

"இன்னும் நாப்பத்திநாலு கெடக்குது," என்றாள். "இழுங்க. பாத்துட்டுத்தான் போவேன்."